வீட்டில் செய்யும் ஏர் ஃபில்டர்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

பழைய எஞ்சினைத் தட்டிக் கொட்டி ஓட வைத்துவிடலாம். அதற்குப் பொருந்துகிற ஏர் ஃபில்டர் தேடுவதுதான் பெரும்பாடு. உற்பத்தி நின்றுபோன பம்ப்செட், ஜெனரேட்டர், வேறு வண்டியின் கார்புரேட்டரைப் பொருத்திய எஞ்சின் என்று எதை எடுத்தாலும், கடைசியில் கண் கையருகே கிடக்கும் பொருள்கள் மேல்தான் விழும்: மெத்தை ஸ்பாஞ்ச், பழைய பனியன், நைலான் காலுறை, மீன்தொட்டி ஃபோம், வாக்குவம் கிளீனர் பை. இவற்றில் சில நிஜமாகவே வேலை செய்யும். சில, ஃபில்டரே இல்லாமல் ஓட்டுவதைவிட மோசம். எது எந்த ரகம் என்று தெரிய, எஞ்சின் எவ்வளவு காற்று குடிக்கிறது, அந்தக் காற்றில் எந்தத் தூசு ஆபத்து என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிட வேண்டும்.

பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு ஏறக்குறைய 11 கிலோ காற்று. கன அளவில் 9,000 லிட்டர். இன்னொரு பக்கமிருந்து கணக்குப் போட்டால், 100 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது நிமிடத்துக்கு 3,000 தடவை காற்றை இழுக்கிறது. சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் முழுதாக நிரம்பாது, 80 சதவீதம் என்று வைத்தால் நிமிடத்துக்கு 240 லிட்டர், நொடிக்கு 4 லிட்டர். இந்த 4 லிட்டரை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின் இதைச் சீராகவும் இழுப்பதில்லை. நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றில்தான் இழுக்கிறது என்பதால், அந்த ஒரு கணத்தில் வேகம் சராசரியைப் போல் மூன்று நான்கு மடங்கு ஏறும்.

அடுத்தது தூசு. மண் தூசில் பெரும்பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பு அதைவிட மென்மையானது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனம்தான். படலத்தைவிட ரொம்பச் சின்னத் துகள் ஆயிலோடு மிதந்து போய்விடும். ரொம்பப் பெரியது இடுக்குக்குள் நுழையவே முடியாது. ஏறக்குறைய 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ளதுதான் உள்ளே புகுந்து அரைக்கிறது. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரிகிற மணலைத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதியடைவதில் அர்த்தம் இல்லை. எஞ்சினைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத மாவு. விளைவு உடனே வெளியே வராது. கொஞ்சம் கொஞ்சமாக கம்ப்ரஷன் குறையும், ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், சைலன்சரில் நீலப் புகை வரும். பிறகு சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து) பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டியதுதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை.

தூசு எவ்வளவு சேரும்? எதிரே நிற்பவர் தெரியாத அளவுக்குப் புழுதி பறந்தால், கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிராம் தூசு இருக்கும். அதில் நம் 100 சிசி எஞ்சின் மணிக்கு 14 கன மீட்டர் காற்றை, கூடவே சுமார் 14 கிராம் தூசையும் இழுக்கும். 99 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் இருந்தால் மணிக்கு 0.14 கிராம் உள்ளே போகும். 95 சதவீதம் என்றால் 0.7 கிராம். 99, 95 என்று கேட்கும்போது பக்கத்துப் பக்கத்து எண்கள் மாதிரி இருக்கும். எஞ்சினுக்கு அது ஐந்து மடங்கு தூசு.

துளையின் அளவு ஏமாற்றும்

ஃபில்டர் என்றதும் சல்லடைதான் நினைவுக்கு வரும். துளை சின்னதாக இருந்தால் நல்லது என்று தோன்றும். அப்படி மட்டும் இருந்தால் ஃபோம் ஃபில்டர் வேலையே செய்யக்கூடாது. ஃபோமின் துளையை ஒரு அங்குல நீளத்தில் எத்தனை என்று எண்ணுவார்கள், அதை பிபிஐ என்பார்கள். 60 பிபிஐ ஃபோமில் ஒரு துளை சுமார் 400 மைக்ரான். அது 10 மைக்ரான் தூசை எப்படிப் பிடிக்கிறது? உள்ளே பாதை வளைந்து வளைந்து போகிறது. காற்று லேசானது, திரும்பிவிடும். தூசுக்கு எடை இருக்கிறது, திரும்ப முடியாமல் நேராகப் போய் இழையில் மோதும். இழை மேல் பிசுபிசுப்பான எண்ணெய் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் இல்லாவிட்டால் துள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால் காய்ந்த ஃபோம் மண்ணாங்கட்டியைத்தான் தடுக்கும், மாவுத் தூசை அல்ல.

காகித ஃபில்டரில் கதை வேறு. இழைகள் நெருக்கமாக இருப்பதால் மோதியும் உரசியும் தூசு மாட்டும். போகப் போக மேற்பரப்பில் படியும் தூசே இன்னொரு வடிகட்டியாகிவிடும். புதுக் காகிதத்தைவிட ஓரளவு தூசு ஏறிய காகிதம் நன்றாக வடிகட்டும் என்பது இதனால்தான். ஆசைப்பட்டு அடிக்கடி தட்டி ஊதிச் சுத்தம் செய்வது இரண்டு வகையில் நஷ்டம்: படிந்த அடுக்கு போகிறது, காற்றின் வேகத்தில் காகிதமும் கிழியக்கூடும். காகித ஃபில்டருக்கு எண்ணெய் விடுவதும் கூடாது, அடைத்துக்கொள்ளும்.

ரொம்பப் பழைய டிராக்டர்களில் இருந்த ஆயில் பாத் ஃபில்டர் இந்த மோதல் தத்துவத்தை அப்படியே பயன்படுத்தியது. காற்று வேகமாக இறங்கி, கிண்ணத்தில் உள்ள ஆயிலின் மேல் சட்டென்று திரும்பும். தூசு ஆயிலில் விழும். தப்பியது மேலே உள்ள கம்பி வலையில் ஒட்டும். மாற்று உதிரியே தேவையில்லாத அருமையான ஏற்பாடு. ஒரே குறை, எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றுக்கு வேகம் இல்லாததால் தூசு தப்பிவிடும். 1950களிலிருந்து மடிப்புக் காகிதம் அதன் இடத்தைப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். பழைய ஆயில் பாத் ஒன்று உடையாமல் கிடைத்தால், மாறாத வேகத்தில் ஓடும் எஞ்சினுக்கு, அதன் அளவு பொருந்தினால், தாராளமாக மாட்டலாம்.

கையருகே கிடக்கும் பொருள்கள்

முதலில் தொடவே கூடாதவை. பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் பார்வைக்கு ஃபில்டர் மாதிரியே இருக்கும். ஆனால் அதன் இழைகளில் ஒட்டியிருப்பது அலுமினியம் ஆக்சைடு போன்ற உராய்வுத் துகள். உதிர்ந்தால் சிலிண்டருக்குள் உப்புத்தாள் போட்ட மாதிரி. இரும்பு நார் உடைந்து உதிரும். கண்ணாடி இழைப் பஞ்சும் அப்படியே. தூசு வராமல் காக்க வைத்த பொருளே தூசாக மாறுவது, வேலியே பயிரை மேய்வது. டிஷ்யூ காகிதம் ஈரம் பட்டால் கரைந்து கிழியும்.

மெத்தை ஸ்பாஞ்சையும் இந்தப் பட்டியலில்தான் சேர்ப்பேன். அதில் ஒவ்வொரு துளையின் வாயிலும் மெல்லிய சவ்வு மிச்சம் இருக்கும். ஃபில்டர் ஃபோமில் அந்தச் சவ்வுகளைத் தொழிற்சாலையிலேயே எரித்தோ ரசாயனத்தில் கரைத்தோ நீக்கியிருப்பார்கள். வித்தியாசம் தெரிய ஃபோமை பிளேடால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சவ்வு இருந்தால் அங்கங்கே பளபளக்கும், வாயால் ஊதினால் எதிர்க்கும். ஃபில்டர் ஃபோமில் வெறும் கம்பிக்கூடு மட்டும் தெரியும்; தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் இறங்கிவிடும். மீன்தொட்டிக்கு விற்கும் ஃபோம் பல நேரம் இந்த இரண்டாவது வகை, பிபிஐ எண்ணும் போட்டே விற்பார்கள். மலிவுப் பொருள்களில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஆனால் எல்லா மீன்தொட்டி ஃபோமும் பெட்ரோலைத் தாங்காது. பாலியூரித்தேன் ஃபோமில் இரண்டு குடும்பம் உண்டு. பாலியெஸ்டர் வகை பெட்ரோல், ஆயிலுக்கு ஈடுகொடுக்கும். ஈரத்தில் வருடக்கணக்கில் கிடந்தால் நொறுங்கும். பாலிஈதர் வகை தண்ணீரைத் தாங்கும், பெட்ரோலில் ஊதிப்போகும். தண்ணீருக்குள் கிடக்க வேண்டிய மீன்தொட்டி ஃபோம் எந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் சோதனை செய்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். கட்டைவிரல் அளவுத் துண்டை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் பெட்ரோலில் ஊறவிட்டு, இரண்டு நாள் கழித்து எடுத்துக் காயவிட்டு, விரல்களுக்கிடையே உருட்டுங்கள். மாவு உதிர்ந்தாலோ, இழுத்தால் பொத்தென்று கிழிந்தாலோ தூக்கி எறிந்துவிடலாம். கார்புரேட்டர் அவ்வப்போது பெட்ரோல் ஆவியைப் பின்னால் துப்பும், அது ஃபோமில்தான் படியும். டீசல் எஞ்சினுக்கு இந்தக் கவலை குறைவு.

ஃபோம் தேறிவிட்டால் வெளியே 30 பிபிஐ, உள்ளே 60 பிபிஐ என்று இரண்டு அடுக்கு வைப்பது நல்லது. பெரியது வெளியே நின்றுவிடும், உள்ளடுக்கு சீக்கிரம் அடையாது. எண்ணெய் விஷயத்தில் சாதாரண எஞ்சின் ஆயில் அவசரத்துக்குச் சரி, ஆனால் வடிந்து அடியில் தேங்கும். கெட்டியான கியர் ஆயில் இன்னும் நன்றாக ஒட்டி நிற்கும். ஃபோமை அதில் நனைத்து, முறுக்காமல் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிழிந்து, நிறம் எங்கும் ஒரே மாதிரி வரும்வரை பரப்ப வேண்டும். சொட்டக்கூடாது, வெளுத்த இடமும் இருக்கக்கூடாது. காற்றை அளக்கும் சென்சார் உள்ள எஞ்சினில் எண்ணெய் விட்ட ஃபில்டரே வேண்டாம். எண்ணெய் ஆவி சென்சாரின் சூடான கம்பியில் படிந்து தப்புக் கணக்குக் காட்டும்.

துணிக்கு வருவோம். நெய்த துணியில் காற்று நூலுக்குள் போகாது, நூலுக்கும் நூலுக்கும் நடுவே உள்ள சந்தில் போகும். பனியன் துணியின் சந்து பெரிது. ஜீன்ஸ் துணி காற்றையே விடாது. எண்ணெய் தடவிய மெல்லிய பருத்தித் துணியைப் பல அடுக்காகக் கம்பி வலைக்கு நடுவே மடித்து வைக்கும் ஃபில்டர்கள் கடையில் உண்டு. ஆனால் அடுக்குகள், மடிப்பு, எண்ணெய் மூன்றும் சேர்ந்துதான் அங்கே வேலை செய்கின்றன. ஒற்றைப் பனியனைச் சுற்றிக் கட்டினால் அது வராது. நைலான் காலுறையின் கண் நூறு மைக்ரானைத் தாண்டும். முன்ஃபில்டராக, புல்லும் பதரும் பூச்சியும் உள்ளே வராமல் இருக்க, நிஜ ஃபில்டரின் மேல் மாட்டலாம். அதோடு அதன் வேலை சரி.

நெய்யாத துணி வேறு சங்கதி. தொழிற்சாலைப் புகைவடிகட்டிப் பைகளுக்குப் பயன்படும் ஊசியடித்த பாலியெஸ்டர் ஃபெல்ட், துண்டு கிடைத்தால் விடக்கூடாத பொருள். 130 டிகிரி வரை தாங்கும், இழை சுலபத்தில் உதிராது. காற்றுக்கு எதிர்ப்பு அதிகம் என்பதால் பரப்பளவு தாராளமாக வேண்டும். வாக்குவம் கிளீனர் பையும் மோசமில்லை. கிளீனர் நொடிக்கு 30 லிட்டர் அளவில் காற்று இழுக்கும். நம் எஞ்சினுக்கு 4 லிட்டர்தான். தொளதொளவென்று இருப்பதால் சுத்தக் காற்றுப் பக்கம் கம்பி வலை தாங்கல் கட்டாயம், இல்லாவிட்டால் உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும். அதன் பாலிப்ரொப்பிலீன் இழை 160 டிகிரி வாக்கில் உருகும். கார்புரேட்டரில் நெருப்பு பின்னடித்தால் பற்றவும் செய்யும். ஆகவே பின்னடிக்கும் பழக்கமுள்ள பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டாம்.

அறைக் காற்றுக்கான மடிப்பு ஃபில்டர்கள் மெர்வ் என்ற தரவரிசையில் வரும். மெர்வ் 8 என்றால் 3 முதல் 10 மைக்ரான் துகளில் குறைந்தது 70 சதவீதம் பிடிக்கும். மீதி 30 சதவீதம் வரை சிலிண்டர் வரைக்கும் போகலாம், அதனால் வேண்டாம். மெர்வ் 13 அதே துகளில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் பிடிக்கும். வேறு வழியில்லாதபோது பரவாயில்லை. எஞ்சின் ஃபில்டர்களைச் சோதிக்கும் ஐஎஸ்ஓ 5011 முறையில் நல்ல காகித ஃபில்டர் எடைக்கணக்கில் 99 சதவீதத்துக்கு மேல் பிடிப்பது சாதாரணம். இரண்டும் ஒரே அளவுகோல் அல்ல என்றாலும், எஞ்சினுக்கு எது உகந்தது என்பதில் சந்தேகம் இல்லை.

மலிவுக்கு மலிவு

இவ்வளவும் பார்த்த பிறகு என் கட்சி இதுதான்: வடிகட்டும் பொருளை வீட்டில் உருவாக்க முயல வேண்டாம். பெட்டியை வீட்டில் செய்யுங்கள். வடிகட்டும் காகிதத்தை, தெருவுக்குத் தெரு விற்கும் ஏதாவது ஒரு கார் ஃபில்டரிலிருந்து எடுங்கள். லட்சக்கணக்கில் ஓடும் காரின் ஃபில்டர், அரிதான எஞ்சினின் அசல் ஃபில்டரைவிடப் பெரும்பாலும் மலிவு. அதன் காகிதம் பெட்ரோல் ஆவி, சூடு, ஈரம் எல்லாவற்றுக்கும் பிசினில் பதப்படுத்தப்பட்டது.

பரப்பளவுக் கணக்கு எளிது. காகிதத்தின் வழியே காற்று நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நொடிக்கு 4 லிட்டர் என்றால் 400 சதுர சென்டிமீட்டர், ஒரு ஏ4 தாளில் மூன்றில் இரண்டு பங்கு. சின்னக் கார் ஃபில்டரில் 15 சென்டிமீட்டர் அகலத்தில், 4 சென்டிமீட்டர் உயரத்தில் 50 மடிப்பு இருந்தால், இரண்டு முகமும் சேர்த்து 6,000 சதுர சென்டிமீட்டர். அதில் ஐந்தில் ஒன்று வெட்டினாலே 1,200. மூன்று மடங்கு இடம் இருக்கிறது. ஒற்றை சிலிண்டரின் விட்டுவிட்டு இழுக்கும் வேகத்துக்கும் அது ஈடுகொடுக்கும்.

வெட்டும் திசைதான் முக்கியம். மடிப்பின் நீளவாக்கில், ஒரு பள்ளத்தைப் பார்த்து வெட்டினால், மடிப்புகளின் இரண்டு நுனிகளும் ஏற்கெனவே ரப்பர் விளிம்புக்குள் புதைந்தே இருக்கும். புதிதாக வெட்டிய இரண்டு ஓரத்தை மட்டும் அடைத்தால் போதும். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு மடிப்பும் வாய் திறந்துவிடும், அத்தனையையும் பசையால் நிரப்ப வேண்டும். பசைக்கு பாலியூரித்தேன் சீலன்ட் அல்லது எபாக்ஸி. சாதாரண சிலிக்கான் பெட்ரோல் பட்டால் ஊதி உரிந்துவிடும். எந்தப் பக்கம் தூசுப் பக்கமாக இருந்ததோ அதுவே இங்கும் இருக்கட்டும்.

பெட்டிக்குக் கனமான மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா போதும். சைலன்சரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். எஞ்சினின் ஆயில் ஆவியை வெளியே விடும் பிரீதர் குழாய் பெட்டிக்குள் வருகிறதென்றால் அதைக் காகிதத்துக்கு உள்பக்கம், சுத்தக் காற்றுப் பக்கம் சேருங்கள். தூசுப் பக்கம் விட்டால் ஆயில் ஆவி காகிதத்தை நனைத்து அடைக்கும். டர்போ (காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி) உள்ள எஞ்சினில் இந்த விளையாட்டே வேண்டாம். ஒரு சின்னப் பசைத்துண்டு பிய்ந்து போனாலும் டர்போவின் இறக்கை போய்விடும்.

பெரும்பாலான வீட்டு ஃபில்டர்கள் தோற்பது காகிதத்தில் அல்ல, விளிம்பில். காகிதத்துக்கு உள்ளும் புறமும் ஒரு கிலோபாஸ்கல் அழுத்த வித்தியாசம் இருந்தால், ஒரு சந்தின் வழியே காற்று நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் பாயும். 2 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றே ஒன்று இருந்தாலும் நிமிடத்துக்கு நாலரை லிட்டர் வடிகட்டாத காற்று உள்ளே போகும். 240 லிட்டரில் அது சுமார் 2 சதவீதம். 99 சதவீதம் பிடிக்கும் காகிதத்தை வைத்துவிட்டு 97 சதவீத ஃபில்டரோடு ஓட்டுகிறோம், உள்ளே போகும் தூசு மூன்று மடங்கு. இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை போதும். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள குழாயின் உள்சுவரில் கிரீஸை மெல்லிதாகப் பூசி, புழுதியில் சில மணி நேரம் ஓட்டிவிட்டு, கழற்றி விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சரி. நறநறவென்றால் எங்கோ கசிகிறது. இருட்டில் காகிதத்தின் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ஊசித்துளையும் தெரிந்துவிடும்.

காசே செலவாகாத இன்னொரு வழி, காற்று இழுக்கும் வாயை உயரத்துக்குக் கொண்டுபோவது. கனமான தூசு தரையை ஒட்டித்தான் அடர்த்தியாகப் பறக்கும். டிராக்டர்களில் காற்றுக்குழாய் பானட்டுக்கு மேலே நிற்பது அதனால்தான். ஒரு துண்டு பிவிசி பைப், மழை விழாமல் வாய் கீழ்நோக்கி ஒரு வளைவு. ஃபில்டரின் ஆயுளே கூடிவிடும்.

எப்போது மாற்றுவது? காகிதத்தின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் ஒரு சின்ன நிப்பிள் (டியூப் மாட்டும் குழாய்முனை) வைத்து, ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, அதை ஒரு பலகையில் யு வடிவில் கட்டி, பாதிவரை நிறம் கலந்த தண்ணீர் ஊற்றினால் அழுத்தமானி தயார். யு வடிவின் கைகள் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் உயரம் இருக்கட்டும், குறைந்தால் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடும். ஒற்றை சிலிண்டரில் தண்ணீர் குதிக்கும். டியூபின் வாயில் சிறு பஞ்சு திணித்தால் அடங்கும். முழு வேகத்தில் இரண்டு பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் புது ஃபில்டரில் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். அது 25 சென்டிமீட்டரை எட்டும்போது மாற்றலாம். காற்று மண்டல அழுத்தம் தண்ணீர்க் கணக்கில் சுமார் 1,030 சென்டிமீட்டர், ஆக 25 என்பது இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு. பவர் இழப்பும் அந்த அளவில்தான் இருக்கும். ஃபில்டரைக் கழற்றினால் வண்டி பறக்கும் என்கிறவர்களுக்கு இந்த எண்ணையே காட்டலாம். அளந்து முடிந்ததும் நிப்பிளுக்கு மறக்காமல் மூடி போட்டுவிடுங்கள், அதுவும் ஒரு 2 மில்லிமீட்டர் ஓட்டைதான்.